நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு ஜன்னல்

மலைமேல் உட்கார்ந்து போர்க்கப்பல் கட்டுகிறவனை ஊரில் என்னவென்று சொல்வார்கள் என எனக்குத் தெரியும். வாத்தியார் என்பதால் முகத்துக்கு நேரே சொல்வதில்லை, அவ்வளவுதான். கோத்தகிரியில் ஒரு பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். பெருங்கடல்களைப் பற்றி வருடாவருடம் தளராமல் பேசுகிறேன். கப்பலில் ஒரு முறைகூட ஏறியதில்லை. கடற்கரையில் முழங்கால் வரை நனைந்ததுதான் என் மொத்தக் கடல் அனுபவம்; அதிலும் ஒரு செருப்பு போயிற்று.

அரவேணுவில் எங்கள் வீட்டில் வெயில் வரும் அறை ஒன்றுதான். அதைக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டோம். என்னைத் தேடி யாராவது வந்தால் என் மனைவி, "கப்பல்ல இருக்காரு, கூப்பிடறேன்" என்பாள். வந்தவர்களில் பாதிப் பேர் நான் கடற்படையில் விடுப்பில் வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். நான் மறுப்பதில்லை.

இரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தது ஒரு பழைய நீராவிப் போர்க்கப்பல். அசல் இருநூறு அடி என்றால் என் மேசையில் ஓர் அடி. உடைத்து இரும்பாக விற்றுவிட்ட கப்பல் அது. வரைபடம் மட்டும் கிடைத்தது. கைப்பிடிக் கம்பிகளைத் தாமிர இழையில் இழைத்தேன். மழை மாதங்களில் பெயின்ட் காய ஒரு வாரம் எடுக்கும், எனக்குப் பரவாயில்லை. மனிதர்களை மட்டும் வைக்கவில்லை. ஆள் வைத்தால் கப்பல் பொம்மையாகிவிடும் என்பது என் கொள்கை. எனக்கு ஆள் செய்ய வராது என்பது கொள்கைக்குப் பின்னால் இருந்த உண்மை. அடுத்த மாதம் கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோவதாக இருந்தது.

அப்போதுதான் பெயின்ட் அடிக்கும் கம்ப்ரஸர் நின்றுபோனது. தேயிலை ஃபேக்டரியில் உலை பார்க்கும் ஓர் அண்ணன் இதெல்லாம் சரிசெய்வார் என்று சொன்னார்கள். வந்தார். கம்ப்ரஸரைப் பார்க்கவே இல்லை. கப்பலின் புகைபோக்கிக்கு நேரே குனிந்தவர் நிமிரவில்லை.

"ஏனுங்க சார், இது எங்க கப்பலுங்க."

அதில் பதினோரு வருடம் பாய்லர் ரூமில் இருந்தாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பீரங்கி, ரேடார், படகு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு கேட்டார், "பாய்லர் ரூம் எங்கீங்க?"

"உள்ளே, அண்ணா."

"தொறந்து காட்டுங்க."

உள்ளே ஒன்றுமில்லை. வெறும் கூடு. அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் கோபிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அந்தப் பதினோரு வருடமும் அவர் மனைவி இங்கே மழையில் அட்டைக்கடியோடு இலை பறித்துப் பிள்ளைகளை வளர்த்தார். இவர் கப்பலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார் என்பது அந்த அம்மாவின் முடிவு. இன்றுவரை சோற்றில் உப்புக் குறைகிறது என்றால்கூட, 'கடலு பாத்த மனுசனுக்கு இது எறங்குமா' என்றுதான் பதில் வருகிறது.

"சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுங்க சார். ஒருக்கா அவ கண்ணுல பாத்தான்னா போதும். நான் எங்க கெடந்தேன்னு தெரியோணும்."

கப்பலின் பக்கவாட்டை அறுக்கவேண்டும். இரண்டு நாள் நான் அறையைத் திறக்கவில்லை. கண்காட்சியில் எனக்குக் கிடைக்கப்போவது, என்னைப் போலவே கப்பலில் கால் வைக்காத நாலு பேரின் பாராட்டு என்று மனம் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் ரம்பத்தை எடுத்தேன். நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே, தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல்.

ஷிப்ட் முடிந்ததும் அவர் வருவார். பேனா மூடிகள் பாய்லர்களாயின. வரைபடத்தைப் பார்த்து நான் குழாய் வைப்பேன். "அது அந்தப் பக்கமுங்க. தெனமும் முழங்கை சுட்ட பக்கம் எனக்குத் தெரியாதுங்களா" என்று மாற்றுவார். கடைசியில், "ஆளு?" என்றார். கொள்கை அன்றோடு போயிற்று. அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய மனிதனைச் செய்து, நீலச் சட்டை பூசி, இருப்பதிலேயே வலுவான பசையில் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு அவர் மனைவி, அந்த அக்கா, வந்தார். குனிந்து பார்த்தார். நான் சின்ன டார்ச்சைப் பிடித்தேன்.

"இதுல தண்ணி எதுவரைக்கும் வரும்?"

ஜன்னலுக்கு மேலே இருந்த கோட்டைக் காட்டினேன்.

"அப்ப இவரு தண்ணிக்கு அடியிலயா இருந்தாரு?"

"ஆமாங்க்கா."

அண்ணன் முகத்தில், இருபது வருட வழக்கில் தீர்ப்பு வாங்கியவரின் நிம்மதி தெரிந்தது. ஒரு நிமிடம்தான் நிலைத்தது.

"அப்பறம் ஏனுங்க, சாயங்காலமானா கடலு நம்ம தேயிலைச் சரிவாட்டம் பச்சையாகுதுன்னு கடுதாசி போட்டீங்க? மீனுக கூட்டமா கப்பலோட ஓட்டப்பந்தயம் ஓடுதுன்னு? இதுக்குள்ளாற இருந்து எப்பிடித் தெரிஞ்சுது?"

அவர் கம்ப்ரஸரைப் பார்த்தார். அதில் இனி சரிசெய்ய ஒன்றுமில்லை; முதல் வாரமே ஓடவைத்துவிட்டார்.

"சமையக்கட்டுல ஒருத்தன் இருந்தான். மிச்சத்தைக் கொட்ட மேல போவான். அவன் வந்து சொல்லுவான்."

"அதை நீங்க பாத்த மாதிரி எழுதினீங்க."

"பின்ன? வெக்கையில வெந்துட்டு இருக்கேன்னு எழுதியிருந்தா நீ ராத்திரி தூங்கியிருப்பியா?"

அந்த அக்கா மறுபடி ஜன்னலுக்குள் குனிந்தார். நான் டார்ச்சை அணைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருட ஏச்சுக்கும் ஆதாரம் அந்தக் கடிதங்கள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன்மேல் இருந்த குற்றச்சாட்டைத் தானே உட்கார்ந்து, நல்ல கையெழுத்தில், மாதம் இரண்டு முறை எழுதி அனுப்பியிருக்கிறார். போகாத கடலை உள்ளபடி சொல்கிறேன் என்று வகுப்பில் நிற்கும் நான் அவரை என்ன சொல்ல?

"நல்லாத்தான் எழுதியிருந்தீங்க" என்றார் அந்த அக்கா, கடைசியில். பிறகு என்னிடம், "சார், அந்த ஆளை எடுத்து மேல வெச்சிருங்க. கொஞ்சம் காத்து வாங்கட்டும்."

"வாட்ச் டியூட்டி முடியாம எப்பிடி மேல வர்றது?" என்றார் அண்ணன்.

"ஊட்டுக்கு வந்து இத்தன வருசமாச்சு. இன்னும் முடியலீங்களா?"

இடுக்கியை விட்டு மெதுவாக இழுத்தேன். நான் ஒட்டிய பசை அல்லவா, விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் ஆள் வந்துவிட்டான். பாதங்கள் இரண்டும் பாய்லர் முன்னாலேயே நின்றுவிட்டன. அவனை மேல்தளத்தில், கைப்பிடிக் கம்பியில் சாய்த்து ஒட்டினேன். பாதம் இல்லாதது தூரத்திலிருந்து தெரியாது.

அந்த அக்கா டார்ச்சை வாங்கி இரண்டு இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஜன்னலை மூடித் தரட்டுமா என்று கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள்.