கஷ்டமான கேஸ் ஒன்று சொல்லுங்கள்

மனநல ஆலோசகர்னு போர்டு மாட்டிக்கிட்டு பதினோரு வருஷமா பிழைக்கிறேன். பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல ஒரே ஒரு அறை. கீழே டிரில் மெஷின் கிர்ருனு கத்த, மேல ஒருத்தர் அழுதுக்கிட்டிருப்பார். பெரிய ஆஸ்பத்திரியில ஆலோசகர் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கன்னதும் விழுந்தடிச்சு மனு போட்டேன். இன்டர்வியூவுக்கும் கூப்பிட்டாங்க.

நெட்லேர்ந்து நாற்பது கேள்வியை எழுதி எடுத்து வீட்டுக்காரர் கையில கொடுத்தேன். அவர் பஸ் டிப்போவில கிளார்க். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, என்னா தோரணை!

"உங்ககிட்ட வந்தவங்க சொன்னதை வெளியில சொன்னதுண்டா?"

"ஒருநாளும் இல்லைங்க சார்."

"பலே! அடுத்தது. கஷ்டமான கேஸ் ஒண்ணு சொல்லுங்க."

சொன்னேன். கூறுகெட்டவ, மூச்சு விடாம சொன்னேன். ஒரு பஸ் டிரைவர். அவர் பஸ்ஸில ஒரு சைக்கிள்காரர் அடிபட்ட நாள்லேர்ந்து ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுக்கம். நாலு மாசமா மெடிக்கல் லீவு. வீட்டுக்குத் தெரியாது. தினமும் யூனிஃபார்ம் போட்டு, டிபன் டப்பாவோட கிளம்பி, சாயங்காலம் வரைக்கும் நூலகத்துல உக்காந்திருப்பார். பேரைச் சொல்லலையே, அப்புறமென்னன்னு நினைச்சேன். டிப்போவில லீவு எழுதுறதே என் வீட்டுக்காரர்தான்கிற நினைப்புகூட இல்ல. எல்லாம் வேலை வெறி!

ரெண்டு நாள் கழிச்சு அவர் கடைத்தெருவுல டிரைவரோட மனைவியைப் பார்த்திருக்கார். "கவலைப்படாதீங்கம்மா, கை நடுக்கமெல்லாம் சரியாகி அண்ணன் சீக்கிரமே டூட்டிக்குத் திரும்பிடுவார்"னு ஆறுதல் சொல்லிட்டு, என்கிட்ட வந்து பெருமையா சொல்றார்.

"ஐயோ, அவங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னேனேங்க!"

"அட, மறந்தே போச்சு. நல்லதுக்குத்தானே சொன்னேன்?"

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

சனிக்கிழமை டிரைவர் வந்தார். நாலு வார்த்தை நறுக்குனு கேட்டிருந்தா தேவலை. நாற்காலி நுனியில உக்காந்தார்.

"வீட்டுல என்கூடப் பேசுறதில்ல மேடம். 'நாலு மாசமா எங்கப்பா போனீங்க'ன்னு பொண்ணு கேக்குது. கை நடுக்கத்தைப் பத்தி உங்களைத் தவிர யார்கிட்டயும் நான் சொல்லலையே?"

இன்டர்வியூவுக்குப் பழகிப் பார்த்ததைச் சொல்லி மன்னிப்பு கேட்டேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். குனிய வேண்டியவ நான்.

"எனக்கும் அடுத்த வாரம் ஒரு இடத்துல வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. பஸ் ஓட்டுறதை ஏன் விட்டேன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு உங்ககிட்டதான் கேக்கலாம்னு இருந்தேன்."

கேக்காமலே எழுந்து போயிட்டார். கூப்பிட வாய் வரல.

திங்கட்கிழமை மட்டும் வாய் நல்லா வந்தது. மூணு பேர் முன்னால, "ஒருநாளும் இல்லைங்க சார்"னு தடுமாறாம சொன்னேன். கஷ்டமான கேஸ் கேட்டாங்க. பதினோரு வருஷத்துல எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! ஒருத்தர்கூட ஞாபகத்துக்கு வரல. பழகின வாய், அதுபாட்டுக்கு டிரைவர் கதையைத் தொடங்கிடுச்சு. பாதியில நிறுத்தியிருக்கலாம். நடுவுல இருந்த அம்மா கண் கலங்கிக் கேட்டாங்க, நான் நிறுத்தல.

"பாவம், இப்ப எப்படி இருக்கார்?"

"நல்லா தேறிட்டார் மேடம்."

"வீட்டுல?"

"ரொம்ப ஆதரவா இருக்காங்க."

வேலை எனக்குத்தான் கிடைச்சுது.