புளி காட்டிக்கொடுத்த நங்கூரம்

மைசூரில் வசிக்கும் நான், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கப்பற்படை வாள்களைச் சேகரிப்பவன். தேவராஜ மொஹல்லாவில் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கிய வாள், அசலா நாடக வாளா என்று புரியவில்லை. மனைவி திட்டுவாளே என்று பரணில் ஒளித்துவைத்திருந்தேன்.

ஆயுத பூஜையன்று பார்த்தால், அவள் அதைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பழைய வாளைத் தேய்த்தால் மதிப்பே போய்விடும். பதறி ஓடினேன்.

"துருப்பிடிச்ச இரும்புக்கு எப்படிங்க குங்குமம் வைக்கிறது? இங்க பாருங்க, ஏதோ படம் தெரியுது" என்றாள்.

நல்லவேளை, பிடியருகே நாலு விரல் அகலம்தான் தேய்த்திருந்தாள். அங்கே, நான் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த கப்பற்படை நங்கூர முத்திரை. அசலேதான். அன்று பூஜையில் முதல் குங்குமம் அதற்குத்தான்.

இப்போதெல்லாம் எந்த வாளையும் அவளிடம் மறைப்பதில்லை. ஆயுத பூஜை வந்தால் புளி டப்பாவைத்தான் பரணில் ஏற்றிவிடுகிறேன்.