கருவாட்டுப் போராட்டம்

எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு வேண்டுகோள்: 'கருவாடு வறுப்பவர்கள் தயவுசெய்து ஜன்னலைச் சாத்திக்கொள்ளவும்.' கீழே பத்துப் பன்னிரண்டு கட்டைவிரல்கள். நானும் ஒரு விரலைத் தூக்கினேன். வறுத்ததே நான்தான் என்பது நம்மோடு இருக்கட்டும். அந்த வாசனையின் பலம் இவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு காலத்தில் அது கன்டெய்னர் லாரிகளையே விரட்டியிருக்கிறது.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில் இருந்தோம். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் எங்கள் தெருமுனையை அடைத்துக்கொண்டு நாள்கணக்கில் நிற்கும். தண்ணீர் லாரி உள்ளே நுழைய வழியில்லாமல் அப்படியே திரும்பிப் போய்விடும். அடிபம்பில் வருவதோ டீசல் நாறும் மஞ்சள் தண்ணீர். குடிக்க ஒரு குடம் வேண்டுமென்றால் ரயில்வே கேட்டைத் தாண்டி நடக்க வேண்டும்.

நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம். மக்கள் போராட்டம் நடத்துவது எப்படி என்று எங்கோ இரண்டு நாள் பயிற்சி வேறு எடுத்திருந்தேன். கேட்க வேண்டுமா? 'உயர்திரு ஐயா அவர்கள் சமூகத்திற்கு' என்று ஆரம்பித்து மூன்று பக்கம் தீட்டினேன். தெருவே கையெழுத்துப் போட்டது. அப்புறம் நினைவூட்டல் மனு, அதற்கும் ஒரு நினைவூட்டல். மூன்று மனு போயும் ஒரு லாரிகூட அசையவில்லை.

எதிர்வீட்டு மேரி அக்கா கருவாடு விற்பவர். வெறுங்குடத்தை என் முன்னால் நங்கென்று வைத்தார்.

"நைனா, உன் மனுவ இதுல போட்டு ஊத்து. ஒரு டம்ளராவது தண்ணி வருதா பாப்போம்."

நான் ஜனநாயகத்தைப் பற்றி ஏதோ உளறினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலை தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், லாரிக்கு லாரி கயிறு கட்டி உப்புப் போட்ட வாளை மீனைக் காயத் தொங்கவிட்டார். ஏறும் படியில் நெத்திலியைப் பரப்பினார். தூங்கி எழுந்த நாமக்கல் டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னக்கா இது?" என்றார்.

"வெயிலு இங்கதான் நல்லா அடிக்குது. நீ பாட்டுக்குத் தூங்குபா, உன்ன இன்னா பண்ணுது?"

இரண்டு நாள் தாக்குப்பிடித்தார்கள். மூன்றாம் நாள் மதியம் எல்லா லாரியும் கிளம்பிவிட்டது. கிளம்பிய வேகத்தில் ஒருவர் கயிற்றை அவிழ்க்க மறந்து, மேரி அக்காவின் வாளையோடு எண்ணூர் பக்கம் பறந்தார். நானும் அக்காவும் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினோம். ஜெயித்தவர்கள் தோற்றவனை 'நில்லுய்யா, போகாதே' என்று கெஞ்சிய போராட்டம் உலகத்திலேயே அதுவாகத்தான் இருக்கும்.

சாயந்திரம் தண்ணீர் லாரி வந்தது. குடம் நிறைய நிறைய அக்கா, "என் வாளை போச்சே" என்று புலம்பிக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு மனு எழுதட்டுமா என்று கேட்டேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்தார்.

பிற்பாடு சாலையை அகலப்படுத்தினார்கள். லாரிகளுக்கு இடம் வேண்டுமே, எங்கள் தெருவை எடுத்துக்கொண்டார்கள். அப்போதும் மனு எழுதினேன். கையெழுத்து வாங்கப் போனால் வீட்டுக்கு வீடு சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேரி அக்காவுக்கு ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் போனில் பேசினேன்.

"வூட்டுக்குள்ளயே தண்ணி வருது நைனா," என்றார். "பக்கத்து வூட்ல யாரு கீறாங்கன்னுதான் தெரில."