கைச்சாத்துப் பரமலிங்கம்

சரவணையில் ஒரு காணி கைமாறினாலும் சரி, சீதனம் எழுதினாலும் சரி, உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு முதலில் கேட்பது, "பரமலிங்கத்தாருக்குச் சொல்லியாச்சோ?" என்பதுதான். அவர் புகையிலையும் வெங்காயமும் வைக்கிற தோட்டக்காரர். ஆனால் ஊர் உறுதிகளில் பாதிக்குச் சாட்சி அவர்தான். அதனால் ஊர் அவருக்குக் கைச்சாத்துப் பரமலிங்கம் என்று பெயர் வைத்தது.

கையெழுத்து வேறு, கைச்சாத்து வேறு என்பார். வாத்தியார் பார்த்து அழகு, கோணல் என்று சொல்வது கையெழுத்து. சுவாமிக்குப் பட்டுச் சாத்துகிறோம், சந்தனம் சாத்துகிறோம். சாத்துவதென்றால் மேலே இடுவது. கடதாசியின் மேல் மனிதன் தன் கையையே இட்டுவிடுகிறான், பிறகு அதை எடுக்க முடியாது. இதுதான் அவருடைய விளக்கம். பண்டிதர்கள் ஒப்புக்கொள்வார்களோ தெரியாது, அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. கண்ணால் காணாத எதற்கும் அவர் கைச்சாத்து வைத்ததில்லை. சொந்தத் தம்பி, வர முடியாத பெண்சாதிக்காக, "அவள் வைச்சது மாதிரி நினைச்சு வையுங்கோ அண்ணை" என்று கெஞ்சியும் மசியவில்லை. தம்பி வெகுகாலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊர் இதை நேர்மை என்றது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எண்பத்தாறில் அவருடைய ஒரே மகன் தயாபரன் இராமேசுவரத்துக்கு வள்ளம் ஏறினான். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. போய்ச் சேர்ந்ததும் மனைவி சறோஜினிதேவியைக் கூப்பிடுவதாகச் சொன்னான். வள்ளம் கரை சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு காலையில் சறோஜினி வந்து நின்றாள். மனைவியை இழந்த, நாரந்தனை அப்புத்துரை என்பவர் அவளைப் பெண் கேட்டிருந்தார். கலியாண எழுத்துக்குத் தயாபரனின் மரணப் பதிவு வேண்டும். அதற்குப் பெற்றவர்கள், மகன் இறந்துவிட்டான் என்று சத்தியக்கடதாசியில் கைச்சாத்து வைக்க வேண்டும்.

"மாமா, இது நான் உங்களிட்டைக் கேக்கக் கூடாததுதான்..."

"நான் காணேல்லையே பிள்ளை. காணாததுக்கு எப்பிடி வைக்கிறது?"

அவள் வாதாடவில்லை. "அப்ப நான் இப்பிடியே இருக்கிறன் மாமா" என்றாள். இருந்தும் விடுவாள் என்று அவருக்குத் தெரியும். குசினியில் நின்ற மனைவி பரிமளத்தின் காதில் விழுந்திருக்குமோ என்ற பயம் வேறு. மகன் எங்கோ இருக்கிறான் என்ற நம்பிக்கையில்தான் அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, இத்தனை காலமும் அவன் பேச்சையே எடுக்காமல் இருந்தார்.

பரிமளம் சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். "வெளிக்கிடுங்கோ, போவம்" என்றாள்.

சமாதான நீதவான் ஆழ்வாப்பிள்ளை சத்தியக்கடதாசியில் எல்லாம் எழுதிவிட்டு, "செத்த திகதி?" என்று கேட்டார்.

"ஆவணி, ரண்டாம் வெள்ளி எண்டு போடுங்கோ" என்றாள் பரிமளம்.

"அது எப்பிடி உமக்குத் தெரியும்?" என்று பரமலிங்கம் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு விடிய என்ரை பெத்த வயிறு பத்தி எரிஞ்சது. அப்பவே எனக்குத் தெரியும். நீங்கள் உடைஞ்சு போவியள் எண்டுதான் வாய் திறக்கேல்லை."

ஒரே கூரையின் கீழ், ஒருவருக்காக ஒருவர் பயந்து, இரண்டு பேரும் பெற்ற பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்திருக்கிறார்கள். இதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது?

பரிமளம் முதலில் வைத்தாள். பிறகு பேனாவை அவர் கையில் கொடுத்தாள். அவர் வைத்தார். வைத்து முடித்ததும் கதிரையிலேயே குனிந்து, பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். சறோஜினி மாமியின் தோளில் சாய்ந்து விம்மினாள்.

அந்தத் தையில் சறோஜினிக்குக் கலியாண எழுத்து நடந்தது. அதே மாதம் நொத்தாரிசு ஒரு சீதன உறுதிக்கு ஆள் அனுப்பினார். பரமலிங்கம் தோட்டத்தில் நின்றபடியே, வந்த பொடியனிடம் மறுத்துவிட்டார்.

"என்ரை பிள்ளை செத்தான் எண்டு வைச்ச கை தம்பி இது. இனி ஒண்டுக்கும் ஏலாது."