சம்மட்டி வாசித்த ‘துருப்பல்’

டயரை ரிம்மிலிருந்து கழற்றும் முன் இரண்டு உள்ளங்கையாலும் அதன் மேல் தடதடவென்று ஒரு தட்டு. வேலைக்கு அது தேவையே இல்லை. வண்டிக்காரர் திடுக்கிட்டுப் பின்வாங்கினால் சம்மட்டிக்குச் சிரிப்பு வந்துவிடும். “பயப்படாதீங்க, வெடிக்காது. நாந்தான்.”

சம்மட்டி என்பது பட்டப்பெயர்; ஐம்பதைத் தாண்டிய பெண். ஒட்ட வெட்டிய நரைமுடி, நகக்கண்ணில் டயர்க் கறுப்பு. அப்பாவுக்குப் பிறகு இந்தப் பஞ்சர் கடை இவருடையது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் மேசைக்கடியில் இரண்டு கால்களும் மிதித்துக்கொண்டே இருக்கும். டம்ளரில் தண்ணீர் நடுங்கும். “நிலநடுக்கம் ஆரம்பிச்சாச்சு” என்று கணவர் தன் டம்ளரைக் கையில் எடுத்துக்கொள்வார்.

அந்தக் கால்கள் ஒரு காலத்தில் ஊரையே காதைப் பொத்த வைத்தவை. டெத் மெட்டல் என்ற அந்த இரைச்சல் ராக் இசையின் பெயர்கூட அங்கே யார் வாயிலும் நுழையாத நாளில், இரண்டு காலாலும் பெடல் மிதித்துச் சம்மட்டி டிரம்ஸ், தம்பி கிட்டார், தொண்டைக்குள் சரளைக்கல் உருள்வதுபோல் கத்தத் தெரிந்த நண்பன் ஒருவன் என்று மூன்று பேர் சேர்ந்து ‘துருப்பல்’ என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். ஸ்டுடியோக்காரர்கள் வாசலோடு விரட்டிவிட்டதால் ஐஸ் ஃபேக்டரியின் பின்னறையில்தான் பதிவு. பக்கத்து அறையில் கம்ப்ரெசர் ஓடியது. அதை நிறுத்தினால் ஐஸ் உருகிவிடும். ஒரு பாட்டின் பாதியில் பெரிய டிரம்மின் தோல் கிழிந்தது. சம்மட்டி டியூபுக்கு ஒட்டுகிற ரப்பர் துண்டை அதில் ஒட்டிவிட்டு மேலே வாசித்தார். அந்தப் பாட்டிலிருந்து டிரம் ஒலி சளி பிடித்ததுபோல் இருக்கும்.

கேசட் வெளிவந்ததும் ஒரு பத்திரிகை, குப்பை லாரி கவிழ்ந்த சத்தம் என்று எழுதியது. “லாரி கவிழ்ந்தா எவ்வளவு கூட்டம் கூடும்னு அவனுக்குத் தெரியல” என்கிறார் சம்மட்டி. கூட்டம் கூடத்தான் செய்தது, மெதுவாக. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகல் எடுத்து, இரைச்சலுக்கு மேல் இரைச்சல் சேர்ந்து, பெயர் தெரியாத ஊர்களுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது.

இப்போது ஒரு இசைத்தட்டுக் கம்பெனி அதை மறுபடி வெளியிடக் கேட்டது. மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்த பாடகன், “அக்கா சரின்னா எனக்கும் சரி” என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டான். கணக்கு ஆபீஸில் வேலை பார்க்கும் தம்பி, கம்பெனி சுத்தம் செய்து அனுப்பிய பாட்டுகளோடு மதிய இடைவேளையில் கடைக்கு வந்தார். காற்று அடிக்கும் மெஷினை அணைத்துவிட்டு இருவரும் கேட்டார்கள். கம்ப்ரெசரின் உறுமல் இல்லை. டிரம்முக்குச் சளி இல்லை. ஒவ்வொரு அடியும் அளவெடுத்த மாதிரி விழுந்தது.

“யாரு வாசிக்கிறது இது?”

“நீதான்க்கா. சுத்தம் பண்ணியிருக்காங்க.”

“சுத்தம் பண்ண அது என்ன கக்கூஸா?”

தம்பி சிரிக்கவில்லை. “உனக்கென்ன, உன் அடி எல்லாருக்கும் கேட்டுச்சு. என் கிட்டார் அந்த மெஷின் சத்தத்துல முங்கிப் போச்சு. நான் வாசிச்சது இப்பத்தான் முதல் தடவையா வெளிய கேக்குது. அது உனக்குப் பிடிக்கலையா?”

தம்பி சொன்னது நியாயம். கிட்டார் அவ்வளவு துல்லியமாகக் கேட்டது, நன்றாகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து பேசும் பெண்ணின் அழைப்பு வந்தது. தம்பி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

“மேடம், மூணாவது பாட்டுல உங்க டிரம்ஸ் தாளத்தை விட்டு ரொம்ப வேகமா ஓடிருது. அதை நேராக்கிட்டோம். தப்பு எதுவும் இப்ப இல்ல.”

“ஓடலம்மா, துரத்தினோம்” என்றார் சம்மட்டி. “இவன் விரல்ல ரத்தம் வந்துருச்சு. வலிச்சா நிறுத்துவான்னு பாத்தேன், நிறுத்தல. இன்னும் வேகமாப் போனான். அவன் நிறுத்தாம நான் எப்படி நிறுத்துறது? ரெண்டு பேரும் விழுந்தடிச்சு ஓடினோம். அதப் போய்த் தப்புங்கிற.”

“ஆனா கேக்கிறவங்களுக்கு…”

“கேக்கிறவன் காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கட்டும். இத்தனை வருசம் அப்படித்தான கேட்டான்? இருக்கிறது இருக்கிறபடி போடு. இல்லன்னா போடாத.”

தம்பி தன் இடதுகை விரல்நுனிகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஃபோனுக்கு அருகில் குனிந்து, “அக்கா சொன்னதுதான். பழைய டேப்பையே எடுத்துக்கோங்க” என்றார்.

கம்பெனி பல வாரம் பேச்சுமூச்சில்லாமல் இருந்துவிட்டுக் கடைசியில் இறங்கி வந்தது. ஆல்பத்தின் மேலட்டை மாதிரியைத் தம்பிதான் கொண்டுவந்தார். கன்னங்கரேலென்று அழகாக இருந்தது. சம்மட்டி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, திருப்பி, பின்பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தார். அடியில் ஒரு வரி: ‘பழைய பதிவு என்பதால் ஒலித்தரக் குறைவுக்கு வருந்துகிறோம்.’

“பொடி எழுத்துதான்க்கா. யாரும் படிக்க மாட்டாங்க.”

சம்மட்டி பஞ்சர் இடத்தைக் குறிக்கும் மஞ்சள் சாக்கட்டியை எடுத்து, அட்டையைத் தொடைமேல் வைத்து, அந்த வரியின் மேல் அழுத்தி ஒரு கோடு இழுத்தார். சாக்கட்டி இரண்டாக உடைந்தது. மிச்சத் துண்டால் இன்னொரு கோடு இழுத்தார்.