கறுப்பனுக்கு ஒரு படையல்

பாலித் தீவின் வெறிநாய்த் தடுப்பூசிக் குழுவில் வலை தூக்கும் ஒரே பெண் ராஸ்தினி. பன்னிரண்டு வருஷத்தில் முழங்கை வரை தழும்பு வாங்கியவள். ஊசி போட்ட நாய்க்குக் கழுத்தில் சிவப்புப் பட்டை கட்டுவார்கள். இந்த ஊரில் பாக்கி கோயில் வாசல் நாய் கறுப்பன் மட்டும்தான். வலையைக் கண்டாலே மதில் தாண்டிவிடுவான். மூன்று நாளாகக் குழுவுக்கே தண்ணி காட்டினான்.

நான்காம் நாள் காலை ராஸ்தினி இடுப்பில் கோயிலுக்குக் கட்டும் மஞ்சள் துண்டும் கையில் படையல் தட்டுமாக வந்தாள். ஊர்த்தலைவர் சுதியானாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் வீட்டில் நாயே இல்லையென்று சத்தியம் செய்திருந்தவர் அவர்.

"என்னம்மா, வலை எங்க? நாய்க்கு மந்திரம் ஓதப் போறியா?"

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நில்லுங்கண்ணே."

வாசல் தரையில் வாழையிலைத் துண்டை விரித்து, பாலி வழக்கப்படி பூதங்களுக்குச் சோறும் இஞ்சியும் உப்பும் வைத்து, ஊதுவத்தி கொளுத்தித் தண்ணீர் தெளித்தாள். தண்ணீர் தெளித்தபின் அந்தச் சோறு நாய்களுக்குத்தான். அது மனிதரைவிடக் கறுப்பனுக்கு நன்றாகத் தெரியும். மதிலிலிருந்து குதித்து வந்து இலையில் வாயை வைத்தான். அவள் இடுப்புத் துண்டுக்குள்ளிருந்த ஊசி அவன் தொடையில் ஏறி இறங்கியது. ஒருமுறை முறைத்துவிட்டு மறுபடியும் சோற்றுக்குக் குனிந்தான். அவள் பட்டையைக் கட்டினாள்.

அப்போது சுதியானா வீட்டுக் கதவிடுக்கு வழியே ஒரு வெள்ளை நாய் பாய்ந்து வந்து இலையில் பங்கு கேட்டது. கழுத்தில் பட்டை இல்லை.

ராஸ்தினி அடுத்த ஊசியை எடுத்தாள்.

"அண்ணே, உங்க வீட்டுல இல்லாத நாய் வந்திருக்கு. கொஞ்சம் பிடிச்சுக்குங்க."