கல்லுக்குப் பதில் எலுமிச்சம்பழம்

மகள் கல்யாணமாகிப் பம்பாய் போனாள். மகன் வேலைக்காகச் சென்னைப் பட்டணம் போனான். அதற்குப் பிறகுதான் நாங்கள் கார் வாங்கக் கிளம்பினோம்.

"நம்ம ரெண்டு பேருக்குச் சின்ன வண்டி போறும்" என்றார் என் கணவர்.

"குழந்தைகள் வந்தா எங்கே உட்காருவா?" என்று பிடிவாதம் பிடித்து, வித்துரா மலை எஸ்டேட் துரை ஒருவர் விற்ற பெரிய வண்டியை நான்தான் தேர்ந்தெடுத்தேன். காட்ட வந்த ஆள், நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்தடியில் ஒரு கல்லை வைத்தான். ஏனென்று நான் கேட்கவில்லை. ஸீட்டை அழுத்திப் பார்த்ததோடு சரி.

வாங்கியதும் பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வாசலில் பூஜை. எங்கள் டிரைவர் வண்டியைச் சரிவில் நிறுத்தி, பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் வண்டிக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டேன். எலுமிச்சை வாசனை வந்தது. கண்ணைத் திறந்தால், பழம் மெதுவாக நசுங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் யாருமில்லை.

என் கணவர் என்னைப் பிடித்து இழுத்தார். நான் நின்ற இடத்தைத் தாண்டிப் போய், தேங்காய் உடைக்கும் கல்லில் முட்டி நின்றது வண்டி.

"மலையில ஓடித் தேய்ஞ்ச பிரேக்காக்கும், அம்மா" என்றார் டிரைவர்.

அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அடுத்த வண்டியைச் சரிவில் நிறுத்தி, பழத்தை வைத்துக் கால்மணி நேரம் பார்த்த பிறகே வாங்கினோம். அதில் டிரைவர் போக இரண்டு பேர்தான் உட்காரலாம். குழந்தைகள் வந்தால் தம்பானூர் ஸ்டேஷனில் ஜட்கா பிடித்துக்கொள்ளட்டும் என்றிருக்கிறேன். இதுவரை அதற்கு அவசியம் வரவில்லை.